12 கிலோமீட்டர் தாண்டினால் பாதம் 'டப் டப்'பென்று விழுகிறது. பழனிக்கு நடந்து போய்விட முடியுமா?

பல்லடத்துத் தறிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போக மாலை போட்டிருக்கிறேன். பல்லடத்தில் கிளம்பி குடிமங்கலம், உடுமலை, மடத்துக்குளம் வழி. 80 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும், மூன்று நாளில் சேருவதாக ஏற்பாடு. எனக்கு இதுதான் முதல் தடவை. வயது 38, எடை 74 கிலோ, உயரம் ஐந்தடி நாலங்குலம். தறிப்பட்டறையில் எட்டுத் தறி பார்க்கிறேன். ஷிப்டு முழுக்க நின்றபடியும் நடந்தபடியும்தான் இருப்பேன், அதனால் நடப்பதெல்லாம் நமக்கு ஒரு விஷயமா என்று இருந்துவிட்டேன்.

மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலையில் பங்காளி வீட்டுப் பையன்களோடு உடுமலை ரோட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயது. கிலோமீட்டர் கல்லுக்குக் கல் பத்தே நிமிஷத்தில் தாண்டுகிறார்கள். நானும் விடாமல் எட்டி எட்டி வைத்துக் கூடவே போகிறேன். ஏழெட்டுக் கிலோமீட்டர் வரைக்கும் ஒன்றும் தெரியாது. பத்தைத் தாண்டினால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், எலும்புக்கு வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு ஒரு சதை இருக்கிறதே, அது எரிய ஆரம்பிக்கும். பன்னிரண்டில் பாதம் என் பேச்சைக் கேட்காது. குதிகால் பட்டதும் முன்பாதம் தானாகவே தார் ரோட்டில் போய் அறைகிறது. பின்னால் வருகிற பையன், "சித்தப்பா, தப்பட்டை அடிக்கறது நீங்கதானா" என்கிறான். உட்கார்ந்து அரை மணி நேரம் கழித்து எழுந்தால் சரியாகிவிடுகிறது. மறுநாள் தொட்டால் சதை நோகும். எலும்பைத் தட்டினால் வலி இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் எங்கள் அப்புச்சிதான், அம்மாவைப் பெற்றவர். 71 வயது. வருஷா வருஷம் நடக்கிறவர். ஒரு நாள் எங்களோடு வந்தார். டயர் செருப்பு, தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் கிளம்பினார். நாங்கள் டீக்கடை பெஞ்சில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வந்து, "ஏஞ்சாமி உக்காந்துட்டீங்க?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டார். அவர் நடக்கையில் தலை மேலே கீழே ஆடுவதே தெரியாது, தோள் துண்டு போட்டபடி கிடக்கும்.

கேள்வி இதுதான். நடந்தால் கெண்டைக்கால்தானே வலிக்க வேண்டும், முன்பக்கம் ஏன் வலிக்கிறது? பட்டறையில் நாள் முழுக்க நடக்கிற எனக்கு ரோட்டில் நடக்க ஏன் முடியவில்லை? அப்புச்சி மாதிரி தலை ஆடாமல் நடக்கப் பழகிக்கொள்ள முடியுமா? புதிதாக வாங்கிய தடிமனான ஷூதான் போட்டிருக்கிறேன், அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் போகலாமா?

ஊத்துக்குளி வெண்ணெய் எழுதியது:

தப்பட்டையோடு போனால் சாமிக்கு இன்னும் விசேஷம்தானுங்களே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குதிகாலை முதலில் ஊன்றுவதே தப்பு என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். குதிகால் படுகிற அதிர்ச்சி நேராக முழங்காலுக்குப் போகிறதாம். நாய், பூனை, மாடு எதுவும் குதிகாலில் நடப்பதில்லை. நீங்களும் முன்பாதத்தில் இறங்கிப் பாருங்கள், டப் சத்தமே வராது. ராத்திரி விளக்கெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுங்கள்.

பீளமேடு பிசியோ எழுதியது:

விளக்கெண்ணெய் வரைக்கும் தடையில்லை. முன்பாத யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பதினைந்து வருஷமாக நாள் முழுக்க அடுத்தவர்கள் நடப்பதைப் பார்ப்பதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். பையனிடம் போனைக் கொடுத்து, ரோட்டோரம் முழங்கால் உயரத்தில் பிடித்து, பக்கவாட்டில் ஸ்லோமோஷனில் உங்கள் நடையை எடுக்கச் சொல்லுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கிற அமைப்பு இப்போது நிறைய போன்களில் இருக்கிறது. வலது குதிகால் தரையைத் தொடுவதிலிருந்து அதே குதிகால் மறுபடி தொடும்வரை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேலே ஆகும், ஆக 260 படம் சொச்சம். அதில் ஏறத்தாழ 60 சதவீதம் அந்தக் கால் தரையில் இருக்கும், 40 சதவீதம் காற்றில் வீசும். இரண்டு காலுக்கும் இதே கணக்கு என்பதால் ஒரு சுற்றில் இரண்டு முறை, முறைக்குப் பத்து சதவீதம் போல, இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் இருக்கும். நடைக்கும் ஓட்டத்துக்கும் வித்தியாசமே இந்த இடம்தான். ஓடும்போது அது இருக்காது, அதற்குப் பதிலாக இரண்டு காலும் அந்தரத்தில் இருக்கிற நேரம் வரும்.

இப்போது குதிகால் தொடுகிற அந்தப் படத்தில் நிறுத்துங்கள். பாதம் தூக்கி இருக்கிறது, விரல்கள் வானத்தைப் பார்க்கின்றன. அதிலிருந்து இருபதே படத்தில் பாதம் முழுக்கத் தரையில் படிந்துவிடும். அதைப் படிய வைப்பது யார்? உடம்பின் எடைதான். பாரம் குதிகாலின் மேல் இறங்கியதும் முன்பாதம் தானாகவே கீழே விழப் பார்க்கும். அப்படி விழாமல் மெதுவாக இறக்கிவிடுவதுதான் உங்களுக்கு எரிகிற அந்த முன்பக்கச் சதையின் வேலை. கிணற்றில் குடத்தை இறக்கும்போது கயிற்றை விட்டு விட்டுப் பிடிப்போமே, அந்தக் கை மாதிரி. குடம் இறங்குவது தன் எடையில், ஆனாலும் கை வலிக்கிறது. சதை சுருங்கி இழுக்கிற வேலையைவிட, இழுபட்டுக்கொண்டே பிடித்து நிறுத்துகிற வேலைதான் பழக்கமில்லாதவனுக்கு மறுநாள் அதிக நோவைக் கொடுக்கும். பிடிக்கிற கை அசந்துவிட்டால் குடம் தொப்பென்று விழும். உங்கள் 'டப்' அதுதான்.

அதாவது உங்களுக்கு அசந்துபோனது எஞ்சின் இல்லை, பிரேக்.

எஞ்சின் எங்கே என்றால் கெண்டைக்காலில். பின்னங்கால் தரையை விடப்போகிற கடைசித் தறுவாயில் கெண்டைச்சதையும் குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அந்தத் தடித்த தசைநாணும் சேர்ந்து ஒரு உதை கொடுக்கும். நடையில் முன்னே தள்ளுகிற சக்தியில் பெரிய பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அந்த உதை முடிந்ததும் கால் வீசிக்கொண்டு முன்னால் வரும், முழங்கால் 60 டிகிரி வரை மடங்கும், விரல்நுனி தரையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில்தான் தாண்டிப் போகும். அந்த உயரத்தைக் கொடுப்பதும் அதே முன்பக்கச் சதைதான். ஆக ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு இரண்டு வேலை. சாயங்காலமானால் சின்னக் கல்லிலும் தட்டித் தடுமாறுகிறோமே, அந்த ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்துபோவதால்தான்.

சரி, பையன்களுக்கு வராதது உங்களுக்கு ஏன் வருகிறது? கணக்குப் போடுங்கள். கிலோமீட்டருக்குப் பத்து நிமிஷம் என்றால் நிமிஷத்துக்கு 100 மீட்டர். உங்கள் தப்படி நிமிஷத்துக்கு 108 என்று வைத்துக்கொண்டால் (எண்ணிப் பாருங்கள், அந்தக் கிட்டத்தில்தான் இருக்கும்) ஒரு தப்படி 92 சென்டிமீட்டர் வருகிறது. ஐந்தடி நாலங்குலக்காரருக்கு வசதியான தப்படி 65, 70 சென்டிமீட்டர். நீங்கள் எட்டி எட்டி வைக்கிறீர்கள். எட்ட வைக்க வைக்கப் பாதம் இன்னும் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு போய் இறங்கும், இறக்கவேண்டிய தூரம் கூடும், முன்பக்கச் சதைக்கு வேலை கூடும். அந்தத் தடிமனான ஷூவின் குதி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், நெம்புகோல் நீளமாகிவிடுகிறது.

இதை விளக்க எனக்குப் பிடித்த ஒரு சக்கரம் உண்டு. மாட்டுவண்டிச் சக்கரத்தில் பட்டாவையும் வட்டையையும், அதாவது வெளிவட்டத்தை, கழற்றிவிட்டு, வெறும் ஆரக்காலோடு உருட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆரக்காலும் தரையில் ஊன்றும், அதன் மேல் சக்கரத்தின் நடுக்கட்டை ஏறி இறங்கும், அடுத்த ஆரக்கால் 'டொக்'கென்று ஊன்றும். நாம் நடப்பது அப்படித்தான். ஊன்றிய கால் ஒரு கம்பு. வாய்க்காலைத் தாண்டக் கம்பை ஊன்றி எகிறுகிற மாதிரி உடம்பு அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. ஏறும்போது வேகம் உயரமாக மாறுகிறது, இறங்கும்போது உயரம் வேகமாகத் திரும்பி வருகிறது. நல்ல வேகத்தில் நடந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கலிலேயே 60, 65 சதவீதம் சக்தி மிச்சமாகிவிடும். வீணாவது அந்த 'டொக்'கில்தான். ஆரக்கால்கள் நெருக்கமாக இருந்தால் டொக் சின்னது, தள்ளித் தள்ளி இருந்தால் பெரியது. தப்படி நீள நீள இந்த நஷ்டம் கூடுகிற வேகம் பயங்கரம், இரண்டு மடங்கு நான்கு மடங்கு என்று நேர்கணக்கில் நிற்காது.

அப்புச்சியின் தலை விஷயத்துக்கு வருகிறேன். தலை ஆடுவதே தெரியவில்லை என்றீர்கள். ஆடும். இடுப்பு நடுவே ஒரு பொட்டு வைத்து வீடியோ எடுத்தால் ஒவ்வொரு தப்படிக்கும் நாலு, ஐந்து சென்டிமீட்டர் ஏறி இறங்குவது தெரியும். குட்டைத் தப்படிக்காரர் என்பதால் அவருக்குக் கொஞ்சம் குறைச்சலாக இருக்கலாம். 1953இல் சாண்டர்ஸ், இன்மன், எபர்ஹார்ட் என்று மூன்று பேர் அமெரிக்காவில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உடம்பின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கத்தான் இடுப்பு திரும்புகிறது, முழங்கால் மடங்குகிறது, அப்படிக் குறைப்பதுதான் சிக்கனம் என்றார்கள். நான் படித்த காலத்திலும் அதைத்தான் மனப்பாடம் செய்தோம். பின்னால் 2005 வாக்கில் ஆட்களை வேண்டுமென்றே தலை ஆடாமல் நடக்கவைத்து மூச்சை அளந்து பார்த்தால், சக்திச் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. தலையை ஆடாமல் வைக்க முழங்காலை மடக்கியே வைத்திருக்க வேண்டும், தொடை வெந்துபோகும். அதனால் அந்தப் பழக்கம் வேண்டாம். அப்புச்சியிடமிருந்து திருட வேண்டியது தப்படி நீளத்தைத்தான்.

பட்டறை விஷயம் சுலபம். தறிக்கும் தறிக்கும் நடுவே நீங்கள் நடப்பது நாலு தப்படி, அப்புறம் நின்று நூல் முடிச்சு, அப்புறம் பக்கவாட்டில் இரண்டு தப்படி, திரும்புதல். நான் சொன்ன அந்த ஏறி இறங்குகிற ஊசல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறீர்கள். நிற்பதற்கான தெம்பு உங்களுக்கு நிறைய இருக்கும். ஒரே தாளத்தில் ஆயிரம் முறை பாதத்தை இறக்குவது அங்கே ஒருநாளும் நடக்கவில்லை.

இப்போது வெண்ணெய் அண்ணாவுக்கு. நாய் விரலில் நடக்கிறது, மாடு நகத்தில் நடக்கிறது, உண்மைதான். கரடி நம்மைப்போல் உள்ளங்கால் முழுக்க ஊன்றும். மனிதன் குதிகாலைச் சற்றே தூக்கி முன்பாதத்தில் நடந்தால் எவ்வளவு சக்தி கூடுதலாகும் என்று 2010இல் அளந்திருக்கிறார்கள். 53 சதவீதம். ஓட்டத்தில் அந்த வித்தியாசம் இல்லை, அதனால் நீங்கள் பார்த்த வீடியோ ஓடுகிறவர்களுக்கானதாக இருந்திருக்கும். 80 கிலோமீட்டரை முன்பாதத்தில் நடந்தால் தறிக்காரர் உடுமலை வருவதற்குள் கெண்டைக்கால் கட்டி ஆம்புலன்ஸில்தான் வருவார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உட்கார்ந்து அரை மணியில் சரியாகிறவரை பயமில்லை. ஓய்வெடுத்தும் அந்தச் சதை கல் மாதிரி இறுகியே இருந்தாலோ, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போனாலோ, நடக்காமல் இருக்கும்போதும் பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டால் சுள்ளென்றாலும் நடையை நிறுத்திவிட்டுக் காட்டவேண்டும். அதையெல்லாம் எண்ணெய் தேய்த்துப் பார்க்கக் கூடாது.

கோபி அம்மிணி எழுதியது:

ஏனுங்க, நடுவில் நுழைகிறேன். எங்கள் அம்மா நடக்கும்போது வலது கால் ஊன்றினால் உடம்பே வலப்பக்கம் சாய்கிறது, வாத்து நடக்கிற மாதிரி. வலது இடுப்பில் வலி. கைத்தடி வாங்கிக் கொடுத்தோம், வலது கையில்தான் பிடிக்கிறார், வலிக்கிற பக்கம்தானே பிடிக்கணும்? ஆனால் ஒன்றும் குறையவில்லை என்கிறார்.

பீளமேடு பிசியோ எழுதியது:

தடியை இடது கைக்கு மாற்றுங்கள் அம்மிணி. இன்றைக்கே.

காரணம் இது. வலது காலில் மட்டும் நிற்கும்போது இடப்பக்க இடுப்பு தொங்கப் பார்க்கும், ஏனென்றால் உடம்பின் பாரம் நடுவில் இருக்கிறது, ஊன்றிய மூட்டு ஓரத்தில் இருக்கிறது. தொங்காமல் பிடிப்பது வலது இடுப்பின் வெளிப்பக்கச் சதை, பேண்ட் பாக்கெட்டுக்குச் சற்று மேலே கை வைத்து ஒற்றைக் காலில் நின்றால் இறுகுவது தெரியும். எடை போடுகிற பழைய வெள்ளிக்கோல் பார்த்திருப்பீர்கள், பிடி ஒரு ஓரத்தில் இருக்கும். இங்கே பாரம் தொங்குகிற பக்கத்துக் கோல் நீளம், இந்தச் சதை இழுக்கிற பக்கத்துக் கோல் குட்டை. அதனால் பாரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு இழுத்தால்தான் சமமாகும். மேலேயிருந்து உடம்பு, பக்கத்தில் சதையின் இழுப்பு, இரண்டும் சேர்ந்து மூட்டுப்பந்தின் மேல் உடம்பு எடையில் இரண்டரை மடங்கு வரை இறங்குகிறது, சாதாரண நடையிலேயே. அம்மா வலப்பக்கம் சாய்வது அவருடைய கெட்டிக்காரத்தனம். பாரத்தை மூட்டுக்கு மேலேயே கொண்டுவந்து பாரப்பக்கத்துக் கோலின் நீளத்தைக் குறைத்துக்கொள்கிறார். இடது கையில் தடி ஊன்றினால் அந்தத் தொங்கலைத் தடியே தாங்கிவிடும், சதை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை. அதே காரணத்துக்காக, பை தூக்கினால் வலது கையில் தூக்கச் சொல்லுங்கள். தடி எதிர்ப்பக்கம், பை வலிப்பக்கம். எல்லாரும் தலைகீழாகத்தான் செய்வார்கள். ஆனால் வாத்து நடைக்கு என்ன காரணம் என்று ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது, தடி மருந்தாகாது.

ஈரோடு செருப்புக்கடை எழுதியது:

ஷூ பற்றிக் கேட்டிருக்கிறீர்களே, அதற்கு நான் பேசலாம். முன்னும் பின்னும் இரண்டு கையால் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல் மடங்குகிற இடத்தில் மடங்கினால் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மடங்கினால் அது செருப்பே இல்லை. எங்கேயுமே மடங்கவில்லை என்றால் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏன் அந்த இடம் என்றால், வெறுங்காலோடு உட்கார்ந்து பெருவிரலைக் கையால் மேலே வளையுங்கள். உள்ளங்கால் குழி இன்னும் உயரும், அடியில் ஒரு கயிறு முறுக்கிக்கொள்வது கைக்குத் தெரியும். கடைசி உதை கொடுக்கும்போது பாதம் அப்படித்தான் தொளதொளப்பு போய்க் கட்டையாகிறது. ஹிக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1954இல் எழுதியது. விரல் மடங்காத செருப்பில் அது நடக்காது.

வாங்குவதைச் சாயங்காலம் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும். புதுசைப் போட்டுக்கொண்டு யாத்திரை கிளம்புகிறவர்கள் தை மாதம் என் கடைக்கு வந்து என்னைத்தான் திட்டுவார்கள்.

வெறுங்கால் பற்றி ஒன்று. 1992இல் நம் நாட்டு எலும்பு மருத்துவர்கள் இரண்டு பேர் 2300 குழந்தைகளின் கால்தடத்தை எடுத்துப் பார்த்தார்கள். செருப்புப் போட்டு வளர்ந்தவர்களில் தட்டைப்பாதம் 8.6 சதவீதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8. செருப்பு விற்கிறவன் சொல்லக்கூடாத கணக்கு இது, ஆனாலும் சொல்கிறேன்.

பீளமேடு பிசியோ எழுதியது:

அந்தக் கணக்கு வளர்கிற குழந்தைகளுக்குங்க. 38 வயதில் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகத் தார் ரோட்டில் இறங்கினால் கொப்புளம்தான் வரும். இட்டேரியில், அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகிற தடத்தில், மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து காய்ப்பு ஏற விட்டால் வேறு. காய்ப்பு ஏறினால் உணர்ச்சி குறைந்துவிடும் என்று நினைப்பார்கள், 2019இல் கென்யாவில் அளந்து பார்த்ததில் காய்ப்பு தடித்தவர்களுக்கும் தரை உணர்வு குறையவில்லை. ஷூவின் தடித்த மெத்தைதான் அந்த உணர்வை மறைக்கிறது. அப்புச்சியின் டயர் செருப்பு தட்டையாக, பின்குதி இல்லாமல் இருக்கும். பாதம் இறங்க வேண்டிய உயரம் அதில் குறைச்சல்.

கொடுமுடித் தீர்த்தம் எழுதியது:

நாங்கள் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவேரித் தண்ணீர் மொண்டு பழனிக்குத் தீர்த்தக் காவடி கட்டிப் போகிறவர்கள். வெள்ளகோவில், தாராபுரம் வழி. பிசியோ தம்பி சொல்கிற ஆரக்கால் கணக்கு எனக்குப் புரிந்தது, ஏனென்றால் தோளில் தண்ணீர் இருந்தால் எட்டிப் போட முடியாது. எட்டிப் போட்டால் செம்பு குலுங்கும், உடம்பே சொல்லிவிடும். சின்னச் சின்னதாக, வேகமாக, ஒரே தாளம். புதுப் பையனுக்கு முதலில் காவடியைக் கொடுத்துவிடுவோம், நடை தானாக வந்துவிடும்.

தறிக்காரத் தம்பிக்கு இன்னும் இரண்டு சொல்கிறேன். பையை ஒற்றைத் தோளில் போடாதே. கையை வீசி நட. போனைப் பிடித்துக்கொண்டு போகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன், தாராபுரத்துக்கு முன்பே தோள்பட்டை இறுகிவிடுகிறது.

பீளமேடு பிசியோ எழுதியது:

அய்யா சொன்னதை நான் என் நோயாளிகளிடம் திருடிச் சொல்லப் போகிறேன்.

கைவீச்சும் அப்படித்தான், அலங்காரம் இல்லை. வலது கால் முன்னால் போகும்போது உடம்பு இடது பக்கம் திருகப் பார்க்கிறது, இடது கை முன்னால் வந்து அந்தத் திருகலைச் சரிக்கட்டுகிறது. கையைக் கட்டிப் போட்டு நடக்கவைத்தால் பத்து சதவீதத்துக்கு மேல் செலவு கூடுகிறது. தலைச்சுமை பற்றியும் ஒரு ஆச்சரியம் உண்டு. கென்யாவில் லுவோ இனப் பெண்கள் தலையிலும், கிகூயு இனப் பெண்கள் நெற்றிப்பட்டை கட்டி முதுகிலும் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமந்து நடந்தும் மூச்சுச் செலவு கூடவில்லை என்று 1986இல் கண்டார்கள். அந்த ஏறி இறங்கும் ஊசலில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. நம் ஊரில் புல்லுக்கட்டு சுமந்த ஆத்தாக்களை யாரும் அளக்கவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

பேச்சு வந்ததால் இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை. 1836இல் ஜெர்மனியில் வெபர் சகோதரர்கள், வீசுகிற கால் சதையின் உதவியே இல்லாமல் கடிகார ஊசல் மாதிரி தானாக முன்னால் வருகிறது என்று எழுதினார்கள். பின்னால் அதே நாட்டில் பிரௌனும் ஃபிஷரும் படம் எடுத்து அளந்து, இல்லை, சதை வேலை செய்கிறது என்றார்கள். வெபர் சகோதரர்களை அத்தோடு மறந்திருக்க வேண்டும். ஆனால் 1990இல் மெக்கீர் என்பவர் மோட்டாரோ பேட்டரியோ எதுவும் இல்லாத இரண்டு கால் பொறியைச் செய்து ஒரு சின்னச் சரிவில் விட்டார். அது பாட்டுக்கு நடந்து இறங்கியது. எனக்கு அந்த வீடியோவைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும், அப்படியே நம் தறிக்காரர் அப்புச்சி மாதிரி அலட்டாத நடை.

சரி, தறிக்காரருக்கு மருந்துச் சீட்டு. பையன்களை விட்டுவிடுங்கள். கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை நிமிஷம், தப்படி நிமிஷத்துக்கு 116 என்று எண்ணி நடங்கள். தப்படி 69 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலை ஓரடி முன்னால் வைத்து, இரண்டு முன்பாதத்தையும் தூக்கி மெதுவாக இறக்குங்கள், இறக்குவதில்தான் மெதுவு. இருபது முறை, நாளைக்கு மூன்று தடவை.

பல்லடத்துத் தறிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. மூன்று வாரம் பதில் போடாததற்கு மன்னிக்கவும். போய்ச் சேர்ந்துவிட்டேன்!

எண்ணிப் பார்த்தேன், என் தப்படி நிமிஷத்துக்கு 106 இருந்தது, பிசியோ அண்ணன் நேரில் பார்த்த மாதிரி சொல்லியிருக்கிறார். வீடியோவையும் எடுத்துப் பார்த்தேன். முதல் கிலோமீட்டரில் குதிகால் பட்டதிலிருந்து பாதம் படிய 22 படம், பதினோராவது கிலோமீட்டரில் 9 படம். நம்பவே முடியவில்லை, ஒரே கால்தான் இரண்டும்.

116ஐ எண்ணிக்கொண்டு நடப்பது முதல் இரண்டு நாள் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. பெண் மாதிரி குறுக்குறுக்கென்று நடக்கிறேன் என்று பையன்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒரு வேலை செய்தேன். எங்கள் பட்டறைத் தறிச்சத்தத்தைப் போனில் பதிந்துவைத்திருந்தேன், அதில் ஒன்றுவிட்டு ஒரு அடிக்குக் கால் வைத்தால் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. பழகிவிட்டது. ஷூவை மடக்கிப் பார்த்தேன், கல்யாணத்துக்கு ஒதுக்கிவிட்டேன். தட்டையான பழைய செருப்பையே போட்டுக்கொண்டேன்.

யாத்திரையில் குடிமங்கலம் தாண்டி, காற்றாலைகள் வருகிற இடத்தில் கொஞ்சம் எரிந்தது. நின்றேன், பத்து நிமிஷம், போய்விட்டது. பையன்களில் இரண்டு பேர் உடுமலையில் கால் வீங்கி பஸ் ஏறிவிட்டார்கள். நான் மடத்துக்குளத்தில் அமராவதிப் பாலத்தைத் தாண்டும்போது அப்புச்சி பக்கத்தில் நடந்தேன். என் காலைப் பார்த்துவிட்டு, "இப்பத்தானுங்க நடக்கறீங்க" என்றார்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. மலையில் 693 படியும் மூச்சு வாங்கி ஏறிவிட்டேன், காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தரிசனம் முடிந்து படியிலேயே இறங்கும்போது தொடை இரண்டும் கிடுகிடுவென்று நடுங்கியது, பாதி தூரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். இறங்குவது சுலபம்தானே?

பீளமேடு பிசியோ எழுதியது:

குடம் இறக்குகிற கைதானுங்க அதுவும், இந்தத் தடவை முன்தொடையில். ஒவ்வொரு படியிலும் 74 கிலோவை முழங்கால் மடங்க மடங்கப் பிடித்து இறக்கியிருக்கிறீர்கள், 693 தடவை, அதுவும் 80 கிலோமீட்டர் நடந்த காலோடு. நாளைக்கும் நாளன்றைக்கும் நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது அப்புச்சியைக் கூப்பிடுவீர்கள். அடுத்த வருஷம் யானைப்பாதையில் இறங்குங்கள், சரிவாகப் போகும்.